சாவுக்கும் ஓர் அறை வேண்டும்

எங்கள் சொசைட்டியில் நீச்சல் குளம் இரண்டு இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று. நின்ற இடத்திலேயே ஓடுகிற மெஷின் வைத்த அறை இருக்கிறது. நாய் குளிப்பாட்டத் தனி மேடை, அதற்கு வெந்நீர்க் குழாய். சினிமா பார்க்க ஓர் அறை, பிறந்த நாள் கொண்டாட ஓர் அறை. என் வீட்டுக்காரர் இறந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது அவரைக் கிடத்த மட்டும் இடம் இல்லை. கார் நிறுத்துகிற இடத்தில் கிடத்தினார்கள்.

இந்தப் பேச்சை எடுத்தால் என் மகள், "இன்னுமாம்மா அதையே நெனச்சிட்டு இருக்க?" என்பாள். ஆமாம், அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மறந்துவிட்டால் அடுத்த ஆளையும் அங்கேதான் போடுவார்கள்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரை. சங்கரன்கோவில் பக்கம் பிறந்து, கல்யாணமாகிப் புனேவுக்கு வந்தவள். வீட்டுக்காரருக்குக் கட்கியில் பேக்டரி வேலை. குவார்ட்டர்ஸில் இருந்தோம். பிறகு கசார்வாடியில் வாடகைக்கு இருந்தோம். அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் மகள் எங்களைத் தன்னோடு கோந்த்வாவுக்குக் கூட்டி வந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் நான் ஒரு கடைக்காரரிடம்கூட, அழுகின தக்காளியை மாற்றிக் கொடு என்று கேட்டதில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்து, அழுகினதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் குழம்பில் போடுவேன்.

மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கமும் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "இன்னும் ரெண்டு தோசை வைக்கவான்னு கேளு" என்று மகளிடம்தான் சொல்வேன். அவர் இந்த ஊரிலேயே, ஆகுர்டியில் பிறந்து வளர்ந்தவர். தமிழை அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுவார். நல்ல மனிதர். எங்கள் சொசைட்டிக்கு அவர்தான் செக்ரட்டரி.

வீட்டுக்காரரைக் கொண்டு வந்த அன்று காலை ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஸ்ட்ரெச்சர் லிஃப்ட்டுக்குள் நுழையவில்லை. சாமான் ஏற்றுகிற பெரிய லிஃப்ட் ஒன்று உண்டு. அதில் சோபா ஏறலாம், பிரிட்ஜ் ஏறலாம், பிணம் ஏறக் கூடாது என்று காவல்காரர் சொன்னார். பாவம், அவருக்குச் சொல்லி வைத்திருந்ததை அவர் சொன்னார். ஆம்புலன்ஸ் நின்ற இடத்துக்கு நேர் எதிரே கிளப் ஹவுஸ். கண்ணாடிக் கதவு, வழுவழுவென்று தரை, ஒரு கல்யாணக் கூட்டமே உட்காரலாம். மாப்பிள்ளை கமிட்டி ஆட்களுக்குப் போன் போட்டார். நான் ஆம்புலன்ஸ் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சாயந்திரம் யாருடைய பிள்ளைக்கோ பிறந்த நாளாம், பலூன் வளைவு கட்டியாகிவிட்டதாம். அதோடு, சாவுக்குக் கொடுக்கலாம் என்று விதியில் எழுதவில்லையாம்.

"நான் செக்ரட்டரி. நானே ரூல் உடைச்சா எப்படி?" என்று மாப்பிள்ளை மகளிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தரைக்கு அடியில் இருக்கிற பார்க்கிங்கில் இரண்டு காரை நகர்த்தினார்கள். தரையில் ஆயில் கறை. தோட்டக்காரர் கொண்டு வந்த பிளாஸ்டிக் தாளை அதன்மேல் விரித்து, அதன்மேல் பாய் விரித்து, அவரைக் கிடத்தினார்கள். குளிப்பாட்ட வேண்டுமே. கார் கழுவுகிற பைப்பை இழுத்து வந்தார்கள். ஆகுர்டியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் நாலு பக்கமும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வாழ்நாளெல்லாம் தூண் மறைவில் சட்டை மாற்றிய மனிதர் அவர்.

எங்கள் ஊர்ப் பக்கம் சாவு வீட்டில் பெண்கள் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுவோம். அங்கே நான் ஒரு சத்தம்தான் போட்டேன். அது கூரையில் மோதிப் பல மடங்காகத் திரும்பி வந்தது. யாரோ சாய்ந்ததில் பக்கத்துக் கார் ஒன்றும் சேர்ந்து அலற ஆரம்பித்தது. அது அழுது முடிக்கிற வரைக்கும் நான் வாயை மூடிக்கொண்டேன். தோளில் துண்டோடு நீச்சலுக்குப் போகிற பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடினார்கள். ஒரு மனிதர் காரில் வந்து இறங்கி, "ஆன்ட்டி, மன்னிச்சுக்குங்க, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று இந்தியில் கேட்டார். அவருடைய இடமாம் அது. மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மரியாதைதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டியிருக்கலாம்.

அன்று என் பக்கத்தில் விடாமல் உட்கார்ந்திருந்தவள் எதிர் வீட்டு மராட்டிக்காரி. சாத்தாரா பக்கத்துக்காரி, என்னைப் போலத் தாலி இழந்தவள், மகன் வீட்டில் இருக்கிறாள். அவள் என்னை வஹினி என்பாள், நானும் அவளை வஹினி என்பேன். அண்ணி என்று அர்த்தம். நாங்கள் பேசுகிற இந்தி இந்திக்காரர்களுக்குப் புரியாது. எங்களுக்குப் புரியும். அதை நான் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

சாயந்திரம் நாங்கள் இரண்டு பேரும் கட்டடத்தைச் சுற்றி நடப்போம். அவளுக்கு நெஞ்சில் கோளாறு. நாலு எட்டுக்கு ஒரு முறை நிற்பாள். ஒரு நாள் நின்ற இடத்தில் கீழே பார்க்கிங்குக்குப் போகிற சரிவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"என் பையன் காரு ரொம்பப் பெருசு, வஹினி. அதை எடுத்துட்டா ரெண்டு பேரு தாராளமாப் படுக்கலாம். நீயும் வந்துடு."

"எனக்கு ஆயில் வாடை ஆகாது."

"செத்தவளுக்கு என்னடி வாடை?"

சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்க மட்டும் என்னைப் போட விட்டுடாதே" என்றாள். நான் யார், எனக்கு என்ன அதிகாரம்? ஆனால் தலையை ஆட்டிவிட்டேன்.

எங்கள் மதிலுக்குப் பின்னால் ஒரு காலி மனை உண்டு. பில்டர்கள் கட்டடம் கட்டும்போது ஊருக்கு என்று ஒரு துண்டு நிலம் விட்டுக் கார்ப்பரேஷனிடம் கொடுக்க வேண்டுமாம். அப்படி விட்ட நிலம். நாங்கள் வந்த நாளிலிருந்து அதில் முள்ளும் உடைந்த கம்மோடும்தான் கிடந்தன. அதைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டடம் எழும்பியது. ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு கிழவன், ஒரு கிழவி வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் கூட்டி வந்து விட்டவர்கள். அப்படித்தான் பெருகிக்கொண்டிருந்தோம். எங்களில் யாருக்காவது சாவு வந்தால் பார்க்கிங், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாடு. வீட்டு வாசலைப் பார்க்காமலே போனவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. யாரும் பேசுவதில்லை.

ஒரு நாள் அந்த மனையில் முள்ளை வெட்டி, பந்தல் போட்டார்கள். கார்ப்பரேஷன் அங்கே மக்களுக்காகக் கட்டடம் கட்டப் போகிறது, யாருக்கு என்ன வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லுங்கள் என்று போர்டு வைத்தார்கள். வஹினி என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

ஒரே நிறச் சட்டை போட்ட பிள்ளைகள் ஓடியாடிக்கொண்டிருந்தார்கள். பெரிய பலகைகளில் கலர் படங்கள். பேட்மின்டன், ஸ்கேட்டிங், ஓடுகிற பாதை, யோகா கூடம், வாசகசாலை. வயசானவர்கள் உட்கார்ந்து சீட்டாடுகிற இடத்தின் படம் ஒன்றும் இருந்தது. இங்கே அதை விரங்குளா கேந்திரம் என்பார்கள். அதில் நரைத்த தலைகளோடு ஆண்கள்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்குச் சில ஸ்டிக்கர் கொடுப்பார்களாம், எது வேண்டுமோ அந்தப் படத்தின்மேல் ஒட்ட வேண்டுமாம். யார் என்ன கேட்டார்கள் என்று பிறகு எண்ணுவதற்காக ஒவ்வொரு வகை ஆளுக்கும் ஒரு நிறம். பிள்ளைகளுக்கு மஞ்சள், ஆண்களுக்கு நீலம், இளம் பெண்களுக்குப் பச்சை. கிழவிகளுக்குச் சிவப்பு. வட்டமான, சின்னச் சிவப்பு ஸ்டிக்கர்.

எனக்கு முன்னால் நின்றவள் கையை நீட்டினாள். உள்ளங்கையில் அதைப் பார்த்ததும் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். அவளுக்கு அடுத்தவளும் அப்படியே. வஹினி பார்த்துவிட்டு, "நக்கோ" என்றாள். வேண்டாம் என்று.

ஸ்டிக்கர் கொடுத்த பெண் சிரித்தாள். "ஆஜி, இது வெறும் பேப்பர்." ஆஜி என்றால் பாட்டி.

"டிக்லின்னா என்ன, அதுவும் பேப்பர்தான்" என்றாள் வஹினி. டிக்லி என்றால் பொட்டு. "அவரு போனதுக்கப்புறம் நான் சிவப்பைத் தொட்டதில்ல. வேற கலர் குடு."

"வேற கலர் குடுத்தா கணக்கு மாறிடும் ஆஜி."

என் முறை வந்தது. எனக்கும் கை பின்னால் போய்விட்டது. பின்னால் நின்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக ஒதுங்கினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மேலாள் மாதிரி இருந்தவர் எட்டிப் பார்த்து, "வயசான பெண்களுக்கு இதில இன்ட்ரெஸ்ட் இல்ல, விடு" என்றார். எங்கள் கையில் ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து நிழலில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்து தின்றோம். அந்த பிஸ்கட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

படித்தவர்கள் கேட்பார்கள், இதெல்லாம் மூடநம்பிக்கைதானே, வாங்கி ஒட்டியிருக்க வேண்டியதுதானே என்று. இருக்கட்டும், எங்களுடையது மூடநம்பிக்கை. சோபா ஏறுகிற லிஃப்ட்டில் பிணம் ஏறக் கூடாது என்பது எந்தக் காலேஜில் சொல்லிக் கொடுத்த படிப்பு? பலூன் கட்டிய அறையில் சாவு நுழையக் கூடாது என்பது எந்த விஞ்ஞானம்? தாலி அறுத்தவளிடம் சிவப்புப் பொட்டை நீட்டிவிட்டு, அவளுக்கு ஆசையே இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். ஒட்டத்தான் துணிந்தாலும் எதில் ஒட்டுவது? பலகை பலகையாகத் தேடினேன். நான் தேடிய படம் எதிலும் இல்லை.

சில வாரம் கழித்துக் கார்ப்பரேஷன் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். மக்கள் என்ன கேட்டார்கள் என்று காட்டப் போகிறார்களாம். நாங்களும் போய்ப் பிள்ளைகள் உட்காருகிற குட்டை பெஞ்சில் உட்கார்ந்தோம். மேடையில் கார்ப்பரேஷன் இன்ஜினியர், பக்கத்தில் எங்கள் மாப்பிள்ளை. சுற்றி இருக்கிற சொசைட்டிகளின் சார்பில் அவர்தான் மைக் பிடித்துப் பேசினார். திரையில் கலர் கலராகக் கம்பு கம்பாக நிற்க வைத்துக் காட்டினார்கள். மஞ்சள் கம்பு உயரம், நீலக் கம்பு அதைவிட உயரம். சிவப்புக்கு நேரே ஒன்றும் இல்லை, வெறும் கோடு.

"வயசான பெண்கள் எதுவும் விருப்பம் தெரிவிக்கல. அதனால அந்த இடத்தையும் ஓட்டப் பாதையோட சேர்த்துட்டோம்" என்றார் இன்ஜினியர்.

வஹினி என் தொடையில் கிள்ளினாள். "எழுந்து சொல்லு."

"நீ சொல்லு. உனக்குத்தான் மராட்டி தெரியும்."

"என் பையன் முன்னாடி வரிசையில உக்காந்திருக்கான்."

"என் மாப்பிள்ளை மேடையிலயே நிக்காரு."

"அப்ப உன்னோட ஆளு மைக்குக்குப் பக்கத்துல. நீதான் சொல்லணும்."

இன்னொரு முறை கிள்ளினாள். வலி தாங்காமல் எழுந்தேனா, கோபத்தில் எழுந்தேனா என்று தெரியவில்லை. எழுந்துவிட்டேன். எழுந்த பிறகு உட்காரத்தான் வெட்கமாக இருந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கிழவிக்கு ஏதோ அவசரம், வெளியே போக வழி கேட்கிறாள் என்று நினைத்து ஒரு பையன் கதவைக் காட்டினான். மாப்பிள்ளையின் முகம் போன போக்கைப் பார்த்தேன். கீழே இறங்கி என்னிடம் வந்தார். மைக் அவர் கையிலேயே இருந்தது.

"என்ன அத்தை, உடம்பு சரியில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மகள் அன்று வரவில்லை. நடுவில் வைத்துப் பேச ஆள் இல்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"மாப்பிள்ளை, நான் சொல்லுததை இவங்களுக்கு இந்தியில சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரைக் கார் நிறுத்துத எடத்துல போட்டாங்க. கார் கழுவுத பைப்புல குளிப்பாட்டுனாங்க. இந்த எடத்துல பொணத்தை வைக்க ஒரு ரூமு வேணும். கீழ வேணும், மாடியில வேண்டாம். தண்ணி வேணும். வாய்விட்டு அழ எடம் வேணும்."

அவர் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். பிறகு இந்தியில், "இந்த அம்மா சொல்றாங்க, வயசானவங்களுக்கு அவசர நேரத்துக்கு ஏதாவது வசதி இருந்தா நல்லதுன்னு" என்றார்.

எனக்குச் சரியாகப் பேச வராதே தவிர, இத்தனை வருஷம் இந்த ஊரில் காதை மூடிக்கொண்டா இருந்தேன்?

"நான் அப்படிச் சொல்லல" என்றேன். "பொணம்னு சொன்னேன். பொணம்னு சொல்லுங்க. பார்க்கிங்குன்னு சொல்லுங்க."

ஹாலில் சிலருக்குத் தமிழ் புரியாமலே புரிந்துவிட்டது. சத்தம் அடங்கியது. மாப்பிள்ளைக்கு நெற்றியெல்லாம் வேர்வை. மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை ஒன்றும் விடவில்லை. ஆயில் கறை நான் சொல்லாதது, அதையும் சொன்னார். நான் 'எங்க வீட்டுக்காரர்' என்றதை அவர் 'என் மாமனார்' என்று சொன்னார். அந்த இடத்தில் அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. எனக்கு அப்போதும் இரக்கம் வரவில்லை. அன்றைக்குப் போனில் இதே குரலில் பேசியிருக்கலாமே என்றுதான் தோன்றியது.

பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். பக்கத்துச் சொசைட்டிக்காரர், தங்கச் சங்கிலி போட்டவர். "சாவு ரூம் பக்கத்துல இருந்தா நாளைக்கு ஃப்ளாட்டை யாரு வாங்குவான்? ரேட் விழுந்துடும். இது பொழுதுபோக்குக்கான இடம், அபசகுனமா எதுவும் வேண்டாம்."

வஹினி எழுந்து நின்றாள். மகன் திரும்பிப் பார்த்து உட்காரச் சொல்லிச் சாடை காட்டினான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. மராட்டியில் நிதானமாகச் சொன்னாள். "நீ வித்துட்டுப் போ, தம்பி. நாங்க செத்துட்டுப் போறோம். எது முதல்ல நடக்குதுன்னு பாக்கலாம்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. இன்ஜினியரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "வேற யாருக்கெல்லாம் இது வேணும், கையைத் தூக்குங்க" என்றார். குட்டை பெஞ்சுகளிலிருந்து கைகள் எழுந்தன. வளையல் போட்ட கை, போடாத கை, நடுங்குகிற கை. அன்றைக்குச் சேலைக்குள் போன கைகள்தான். கிழவர்கள் சிலரும் தூக்கினார்கள், பெண்டாட்டி தூக்கியிருக்கிறாளா என்று பார்த்துவிட்டு.

வீட்டில் மகள் என்னிடம் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. "அவர எல்லார் முன்னாடியும் நிக்க வச்சுக் கேட்டுருக்க" என்றாள். மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையில் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அத்தை, வீட்டிலயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"வீட்ல சொன்னா நீங்க மட்டுந்தான் கேட்டிருப்பீங்க" என்றேன்.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு, "அன்னிக்கு நான் கதவைத் திறந்திருக்கணும்" என்றார்.

ஆமாம் என்றேன். பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம்தான். பரவாயில்லை என்று இல்லையே.

கட்டட வரைபடம் வந்தது. மாப்பிள்ளை போனில் விரித்துக் காட்டினார். முன்பக்கம் முழுக்க விளையாட்டு. பின்பக்கம், குப்பை பிரிக்கிற கொட்டகைக்குப் பக்கத்தில், கீழ்த்தளத்தில் ஓர் அறை. தண்ணீர்க் குழாய் உண்டு, தண்ணீர் போக வாய்க்கால் உண்டு, பின் சாலைக்குத் தனி வாசல் உண்டு. பெயர் மட்டும் பல பயன் அறை என்று போட்டிருந்தார்கள். குப்பைக்குப் பக்கத்தில் வைத்ததற்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று சோறு இறங்கவில்லை. வஹினிதான், "முதல்ல சுவர் எழும்பட்டும். குப்பையை அப்புறம் துரத்தலாம்" என்றாள்.

சுவர் எழும்பியது. நாங்கள் சாயந்திர நடையை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டோம். பக்கத்துச் சொசைட்டிக் கிழவிகள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி பீஹார்க்காரி, ஒருத்தி என் பாஷைக்காரியே, தமிழ்க் கிறிஸ்தவப் பெண், ரிட்டயர் ஆன டீச்சர். தினம் போய் நின்று செங்கல்லைப் பார்ப்போம். வேலை பார்க்கிறவர்களுக்கு நாங்கள் ஒரு வேடிக்கை.

அறைக்குக் கூரை போட்டு, பூச்சும் முடிந்த சமயம், பின் சாலை வாசலில் இரும்பு பைப்பை நட்டுக்கொண்டிருந்தார்கள். பார்க்குகளில் வைப்பார்களே, வளைந்து வளைந்து ஒரு ஆள் மட்டும் நுழைகிற கேட், அது. பைக்கும் மாடும் உள்ளே வராமல் இருக்க வைக்கிறது. நாங்கள் நாலு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வஹினி சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். இளவயசுக்காரர், தலையில் மஞ்சள் தொப்பி. "இதுல எப்படிப் போறது?"

"சுலபம் ஆஜி. இப்படித் திரும்பி, இப்படித் திரும்பி வந்துடலாம். நடந்து பாருங்க."

"நான் நடந்து வர மாட்டேன்" என்றாள். "அன்னிக்கு என்னைத் தூக்கிட்டுத்தான் வருவாங்க."

அவர் சட்டென்று தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அப்படியெல்லாம் பேசாதீங்க ஆஜி. வரைபடத்துல இப்படித்தான் இருக்கு. நான் மாத்த முடியாது."

"முன் கேட்டு வழியா?" என்று டீச்சர் கேட்டாள்.

"அது விளையாட்டுக்கு வர்றவங்களுக்கு. அந்த வழியா இதெல்லாம் கூடாதுன்னு எழுதியிருக்கு."

அறை உண்டு, தண்ணீர் உண்டு, அழ இடம் உண்டு. உள்ளே கொண்டு வரவும் முடியாது, வெளியே கொண்டு போகவும் முடியாது. இவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பைக்கை நினைத்தார்கள், மாட்டை நினைத்தார்கள், எங்களை நினைக்கவில்லை.

சுவரோரம் பூச்சு வேலைக்காரர்களின் மூங்கில் ஏணி சாய்ந்திருந்தது. நான் போய் ஒரு முனையைப் பிடித்தேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பீஹார்க்காரிக்கு உடனே புரிந்துவிட்டது, மறு முனையைத் தூக்கினாள். வஹினி முந்தானையை இடுப்பில் சொருகினாள்.

"உனக்கு நெஞ்சு வலி. நீ விடு" என்றேன்.

"என் பாடையை நானே தூக்கறேன். தள்ளு."

பாடை தூக்க எங்கள் பக்கமும் பெண்களை விடுவதில்லை, அவர்கள் பக்கமும் விடுவதில்லை. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு அறை வாசலிலிருந்து நடந்தோம். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் பூச்சுக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். ஒரு கொத்தனார் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டார், பழக்கத்தில்.

கேட் வளைவில் ஏணி மாட்டிக்கொண்டது. இந்தப் பக்கம் திருப்பினோம், அந்தப் பக்கம் திருப்பினோம். முன்னால் இருந்த வஹினியும் நானும் வளைவுக்குள், மற்ற இரண்டு பேரும் பின்னால் அறைப் பக்கம். நகரவில்லை.

"பாத்தாச்சு, பாத்தாச்சு, இறக்குங்க" என்று சூப்பர்வைசர் ஓடி வந்தார். "சாயந்திர நேரத்துல இது என்ன ஆஜி, நல்லா இல்ல."

"இதைத்தான் நாளைக்கு எங்க பிள்ளைங்க இங்க நின்னு செய்யணும்" என்றேன் இந்தியில். என் இந்தி அவருக்குப் புரிந்தது. "ஏணியா இருக்கப்பவே நீங்க பாருங்க. இன்ஜினியரக் கூப்பிடுங்க."

"நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கு வரைக்கும் நிக்கோம்."

அவர் எங்களைப் பார்த்தார். பின் சாலையில் ஆட்டோக்கள் நின்றுவிட்டன, ஆட்கள் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு யாராவது பார்த்தால் தலை தானாகக் குனியும். தோளில் ஏணி இருந்ததால் குனிய முடியவில்லை. வஹினியின் மூச்சு இரைக்கிறது எனக்குக் கேட்டது. அவள் பக்கத்துப் பாரத்தையும் கொஞ்சம் என் தோளுக்கு வாங்கிக்கொண்டேன். பின்னாலிருந்து டீச்சர், "எனக்குக் கழுத்து பிடிச்சுக்கிச்சு, ஆனா இறக்க மாட்டேன்" என்றாள்.

சூப்பர்வைசர் போனை எடுத்து ஒதுங்கிப் போய்ப் பேசினார். கொஞ்சம் பேசினார், அப்புறம் எங்களைப் போட்டோ எடுத்து அனுப்பினார், மறுபடி பேசினார். திரும்பி வந்து, பைப் நட்டுக்கொண்டிருந்த ஆளிடம் தலையை ஆட்டினார். அந்த ஆள் எங்களைச் சுற்றிக்கொண்டு வந்து, அறுக்கிற மெஷினுக்கு ஒயரைச் சொருகினார்.

"இப்பவாவது இறக்குங்க ஆஜி" என்றார் சூப்பர்வைசர். "பொறி பறக்கும்."

"முதல்ல அறுங்க" என்றாள் வஹினி.